கரிசல் காட்டில் வீடியோ எடுக்க எது ஏற்றது: காமிராவா, செல்போனா?

ஐப்பசி பிறந்தால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துச் சம்சாரி வீட்டில் இரண்டு செலவுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்து நிற்கும். ஒன்று, மண்ணின் ஈரம் காய்வதற்குள் முடிக்க வேண்டிய விதைப்பு, உரம், களையெடுப்பு ஆகியவற்றின் செலவு. மற்றது தீபாவளிச் செலவு. முன்பெல்லாம் தீபாவளி என்றால் துணிமணி, பலகாரம், வெடி என்று முடிந்துவிடும். இன்று எம்.ரெட்டியபட்டி போன்ற ஊர்களில் வளர்ந்த பிள்ளைகள் கேட்பது நல்ல வீடியோ எடுக்கும் செல்போன். சற்றுத் துணிந்த பிள்ளை கையடக்கக் காமிராவே கேட்கிறது. கடைக்காரரும் மாதத் தவணைக்குத் தரத் தயாராக இருக்கிறார். விதைக்கென்று எடுத்து வைத்த பணம் முன்பணமாகப் போய்விடுகிறது.

இதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுவதும் சரியல்ல. காட்டில் எடுக்கும் படம் இப்போது ஒரு சாட்சியாகிவிட்டது. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை, வெள்ளம் சூழ்தல், மேகவெடிப்பு, இடியால் தீ முதலிய தனித்த சேதங்களை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அறுத்துக் காயப்போட்ட கதிர் பருவம் தவறிய மழையில் நனைந்தாலும், அறுவடையிலிருந்து 14 நாள் வரை இதே விதிதான். 14447 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லலாம். செல்போன் செயலியில் படத்துடன் பதியலாம். காட்டு விலங்குகளால் ஏற்படும் பயிர்ச் சேதத்தையும் 2026 காரீஃப் பருவம் முதல் இத்திட்டத்தில் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. அதற்கும் 72 மணி நேரக் கெடுதான். எடுத்த இடம் பதிந்த படம் வேண்டும். மக்காச்சோளக் காட்டில் காட்டுப்பன்றி புகுந்து உழுதுவிட்டுப் போன காலையில், கையில் என்ன கருவி இருக்கிறது, அதை எப்படிப் பிடிக்கத் தெரியும் என்பது பணத்தைப் பொறுத்த கேள்வி.

ஆகவே காமிராவும் ஒரு விவசாயக் கருவி என்று ஒப்புக்கொள்ளலாம். குறை எங்கே என்றால், கருவியைத் தேர்ந்தெடுப்பது போல் அதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை என்பதில்தான். மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார், ஏரில் பூட்டிப் பார்க்கவும் கேட்கிறார். செல்போன் வாங்கப் போகிறவர் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.

அந்த எண்களின் சங்கதியை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு மெகாபிக்சல் என்பது 10 லட்சம் புள்ளி. 108 மெகாபிக்சல் என்றால் 10 கோடியே 80 லட்சம் புள்ளிகள். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் வீடியோ எடுக்கும்போது இவ்வளவும் பதிவாவதில்லை. கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் 4கே வீடியோவில் ஒரு படத்துக்கு அகலத்தில் 3,840 புள்ளி, உயரத்தில் 2,160 புள்ளி. பெருக்கினால் சுமார் 83 லட்சம்தான். அதாவது 8 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். மீதி 100 மெகாபிக்சல் வீடியோவில் தனியே தெரியப் போவதில்லை. அதற்கு முந்தைய படியான 1080பி வீடியோவில் ஒரு படத்துக்குச் சுமார் 21 லட்சம் புள்ளிகள். படத்தின் தரத்தைப் பெரிதும் நிர்ணயிப்பது உள்ளே இருக்கும் ஒளியுணர் தகட்டின் பரப்பும், லென்ஸின் தரமும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இவை அச்சாவதில்லை.

83 லட்சம் புள்ளி 21 லட்சத்தைவிட நான்கு மடங்கு என்பது உண்மை. செலவும் கூடவே ஏறுகிறது. வழக்கமான பதிவு முறையில் 1080பி வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 130 மெகாபைட் இடம் பிடிக்கும். 4கே சுமார் 350 மெகாபைட். புதிய சுருக்க முறையில் இரண்டும் ஏறக்குறைய பாதியாகும். பழைய முறையில் ஐந்து நிமிடம் 4கே எடுத்தால் 1,750 மெகாபைட். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி கிடைக்கும் இணைய ரீசார்ஜ் அந்த ஒரு படத்தை அனுப்பவே போதாது. இனி வேடிக்கையைப் பாருங்கள்: வாட்ஸ்அப் வழியாக வீடியோவாக அனுப்பினால், போகும் வழியிலேயே அது சுருக்கிச் சிறிதாக்கிவிடும். நான்கு மடங்கு பதிவு செய்து, பேட்டரியைத் தீர்த்து, போனைச் சூடாக்கி, கடைசியில் பார்ப்பவர் கண்ணுக்குப் போவது சாதாரணப் படம்.

இன்னொரு விஷயமும் உண்டு. நடுத்தர விலை செல்போன்கள் பலவற்றில், கை ஆட்டத்தைத் தடுக்கும் வசதி 1080பியில் வேலை செய்யும். 4கே வைத்தால் செய்யாது. வரப்பில் நடந்தபடி எடுத்த ஆடாத 1080பி, ஆடிக் குலுங்கும் 4கேயைவிட எத்தனையோ மேல். சிறு சம்சாரிக்கு 1080பி போதும். அதற்கு மேல் உள்ளதற்குப் பணம் கொடுப்பது, ஒரு குறுக்க நிலத்துக்கு டிராக்டர் வாங்குவது போன்றது.

கரிசல் காட்டில் படம் எதனால் கெடுகிறது என்று பார்த்தால், புள்ளிக் குறைவால் கெடுவது அரிது. முதல் எதிரி மண்ணின் நிறமே. காமிராவுக்கு மண் எது, பயிர் எது என்று தெரியாது. எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுப்பு மண் படம் முழுக்க நிறைந்திருந்தால், இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மண் சாம்பலாக வெளுக்கும். வெடித்த பருத்திச் சுளை வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். சுளையில் கறை இருக்கிறதா, காய்ப்புழு குடைந்த ஓட்டை இருக்கிறதா என்று எந்த நிபுணராலும் அந்தப் படத்திலிருந்து சொல்ல முடியாது. 10,000 ரூபாய் போனிலும் 50,000 ரூபாய் போனிலும் இது நடக்கும். பருத்தியின் மேல் திரையில் விரலால் ஒருமுறை தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைத்தால் சரியாகும். இதற்குக் காசு வேண்டாம்.

இரண்டாவது எதிரி உச்சி வெயில். இலையின் மேல்புறம் பளபளக்கும், அடிப்புறம் இருண்டு கிடக்கும். காலை 7 மணி முதல் 9 மணி வரையும், மாலை 4 மணிக்குப் பிறகும், சூரியனை முதுகுக்குப் பின்னால் விட்டு எடுப்பது நல்லது. தன் நிழல் பயிரின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலில் இன்னொரு சங்கடம், எடுப்பவருக்கே திரை தெரியாமல் போவது. திரையின் பிரகாசத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்கிறார்கள். 500 நிட்ஸ் திரை வேப்பமர நிழலில் அழகாகத் தெரியும், பொட்டலில் கண்ணாடி போல முகத்தைத்தான் காட்டும். வெளிவேலைக்கு 1,000 நிட்ஸ் அளவாவது உள்ளதைக் கேட்டு வாங்குவது பயன் தரும். பெட்டியில் உள்ள எண்களில் சம்சாரிக்கு நிஜமாக உதவும் எண் இதுதான். இதை எந்தக் கடையிலும் தாமாகச் சொல்வதில்லை.

சூடு அடுத்தது. சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் வரை இயங்குவதற்கென்றே முன்னணிச் செல்போன்களைச் செய்கிறார்கள். சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் அந்த அளவு காலை பத்து, பதினொரு மணிக்கே தாண்டிவிடும். சூடேறிய போன் முதலில் திரையை மங்கலாக்கும், பிறகு பதிவையே நிறுத்தும். 4கே வைத்தால் இது இன்னும் விரைவில் நடக்கும். உறையைக் கழற்றிவிட்டு, தலைத்துண்டின் நிழலில் வைத்து எடுத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சூடு தணிக்கிறேன் என்று பம்புசெட் தொட்டித் தண்ணீரில் காட்டுவது வினையை விலைக்கு வாங்குவது.

காற்றைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஆடிக் காற்றில் எடுத்த வீடியோவில் பேச்சு ஒரு சொல்கூடக் கேட்காது, உறுமல்தான் கேட்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, போனைக் கிட்டத்தில் வைத்துப் பேச வேண்டும். சட்டையில் செருகும் பஞ்சு உறை போட்ட சிறு மைக் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. புதுப் போனுக்கு 5,000 ரூபாய் கூடுதலாகப் போடுவதைவிட, பழைய போனுக்கு இந்த மைக்கையும் ஒரு முக்காலியையும் வாங்குவது படத்தை அதிகம் திருத்தும்.

அப்படியானால் கையடக்கக் காமிராவுக்கு இடமே இல்லையா? உண்டு. நல்ல காமிராவில் ஒளியுணர் தகடு பெரிது. அந்தி வெளிச்சத்திலும் படம் தெளியும். லென்ஸே நகர்ந்து தூரத்துப் பொருளை அருகில் கொண்டுவரும். செல்போனில் இரு விரலால் விரித்துப் பெரிதாக்குவது பெரும்பாலும் இருக்கிற புள்ளியை ஊதிக் காட்டுவதுதான். கண்மாய்க் கரையிலிருந்து எதிர்க்காட்டில் மேயும் பன்றிக் கூட்டத்தை எடுக்க வேண்டுமானால் காமிராவின் ஜூம்தான் கைகொடுக்கும். ஆனால் ஒரு அங்குலத் தகடு உள்ள கையடக்கக் காமிரா புதிதாக வாங்கினால் விலை அரை லட்சத்தைத் தாண்டும். வெளியே நீண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும் அதன் லென்ஸ் குழாயில் கரிசல் புழுதி போனால், பழுது பார்க்க அருப்புக்கோட்டையில் ஆள் தேட வேண்டும். எடுத்த இடத்தைத் தானாகப் பதியும் வசதி பெரும்பாலான காமிராக்களில் இல்லை. காப்பீட்டுக்கு அதுவே முதல் தேவை. எடுத்த படத்தை அனுப்பக் கடைசியில் செல்போன்தான் வேண்டும். ஜப்பானியக் காமிரா நிறுவனங்கள் 2010இல் உலகெங்கும் சுமார் 12 கோடி டிஜிட்டல் காமிராக்களை அனுப்பின. 2023இல் ஒரு கோடிகூட இல்லை. உலகமே எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்கு இது போதும்.

புழு பூச்சி காட்டுவதற்கு மட்டும் தனிக் குறிப்பு உண்டு. 2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு, அந்த ஆண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைச் சூறையாடியது. அதன் தலையில் தலைகீழான ஒய் வடிவக் கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருக்கும். கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்துக்கோ, 2024 ஆகஸ்டில் தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்புச் செயலிக்கோ படம் அனுப்பும்போது இந்த அடையாளங்கள் தெரிந்தால்தான் பயன். மலிவுப் போன்களில் ‘மேக்ரோ’ என்று 2 மெகாபிக்சலில் ஒரு லென்ஸ் வைத்திருப்பார்கள். எண்ணிக்கைக்குத்தான் அது. முதன்மைக் காமிராவை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுப்பதே தெளிவாக வரும். புழுவை உள்ளங்கையில் வைத்தால் அளவும் விளங்கும். மருந்து தெளித்த கையோடு மட்டும் போனைத் தொடக்கூடாது. அதே போன் சாப்பிடும்போதும் கைக்கு வரும்.

பெரிய காமிரா இல்லாமல் பெரிய காரியம் நடந்திருக்கிறது. தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கம் பஸ்தாபூரில், டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டியைச் சேர்ந்த மானாவாரி விவசாயப் பெண்கள் 1990களின் பிற்பகுதியில் வீடியோ எடுக்கக் கற்றார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாரங்கல் பருத்திச் சம்சாரிகளின் நிலையை அவர்கள் எடுத்த படம் 2003இல் வெளிவந்து வெளிநாடுகளிலும் பேசப்பட்டது. சாதாரண டிவித் தரத்தில் அன்றைய வீடியோவில் ஒரு படத்துக்குச் சுமார் 4 லட்சம் புள்ளி. இன்றைய 4கேயில் இருபதில் ஒரு பங்கு. அந்தப் பெண்கள் கண்மட்டத்துக்கு நேராக எடுக்கும் படத்துக்கு ‘சங்கம் ஷாட்’ என்று பெயர் வைத்தார்கள்; சங்கத்தில் எல்லோரும் சமமாகத் தரையில் உட்கார்ந்து பேசுவதால் அந்தப் பெயர். கர்நாடகத்தில் 2006இல் தொடங்கிய ‘டிஜிட்டல் கிரீன்’ முயற்சியும் விலை குறைந்த சிறு வீடியோ காமிராக்களையே நம்பியது. 16 கிராமங்களில் 13 மாதம் நடந்த சோதனையில், வழக்கமான விரிவாக்கப் பணியைவிட அதே செலவுக்குப் பத்து மடங்கு பலன் கிடைத்தது என்று கணக்கிட்டார்கள். படத்தில் பேசியவர்கள் பக்கத்து ஊர்ச் சம்சாரிகள். ‘இது யார், எந்த ஊர்க்காரர்’ என்பதே பார்த்தவர்களின் முதல் கேள்வியாக இருந்தது. எத்தனை பிக்சல் என்று யாரும் கேட்கவில்லை.

இளைஞர்கள் காட்டும் உதாரணம் வேறு. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து 2018இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியது. நாமும் எடுக்கலாமே என்பது நியாயமான ஆசை. அந்த ஆசையை எவ்வளவு பணத்தில் தொடங்குவது என்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். விளம்பர வருமானம் கிடைக்க யூடியூப் கேட்பது 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டுக்குள் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருப்பதும். குறும்படங்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. எந்தக் காமிரா என்று அது கேட்பதில்லை. வீட்டில் இருக்கும் போனில் ஒரு வெள்ளாமை முழுவதும், விதைப்பிலிருந்து களத்துமேடு வரை, வாரம் ஒரு வீடியோ எடுத்துப் போட்ட பிள்ளைக்கு அடுத்த தீபாவளிக்கு நல்ல போன் வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை. மூன்று வாரத்தில் சலித்துவிட்டால் தவணை மிச்சம்.

காப்பீட்டுக்கு எடுப்பதற்கு வருவோம். போனில் இருப்பிடம் காட்டும் வசதி திறந்திருக்க வேண்டும். தேதி, நேரம் சரியாக இருக்க வேண்டும். முதலில் எல்லைக் கல், கண்மாய்க் கரை, கிணறு என்று இடத்தை அடையாளம் காட்டும் எதையாவது எடுத்துவிட்டு, ஊர், சர்வே எண், பயிர், தேதி ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு காட்டின் நான்கு மூலையிலும் நின்று, மெல்லத் திருப்பி எடுக்க வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டால் ஆட்டம் குறையும். சேதமான செடியைக் கிட்டத்தில், பத்து எண்ணும் வரை அசையாமல் காட்ட வேண்டும். இதோடு சில புகைப்படங்களும் தனியே வேண்டும். மதிப்பிடுபவரை 48 மணி நேரத்துக்குள் நியமித்து, 10 நாளுக்குள் மதிப்பீட்டை முடிக்க வேண்டும் என்பது விதிமுறை. அவர் வரும்போது தண்ணீர் வடிந்திருக்கும், சாய்ந்த பயிர் பாதி நிமிர்ந்திருக்கும். முதல் நாள் எடுத்த படத்தின் மதிப்பு அப்போதுதான் தெரியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதனுள் பதிந்த இடக் குறிப்பு நீங்கிவிடும். ஆவணமாக அனுப்ப வேண்டும், மூலப் படத்தை அழிக்கக் கூடாது.

ஆனால் இந்த வட்டாரத்தின் பெருந்துன்பமான வறட்சிக்கு இந்தப் படம் உதவாது. பரவலான மகசூல் இழப்பை அறிவிக்கப்பட்ட பகுதி முழுமைக்குமாக, பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரியை வைத்தே முடிவு செய்கிறார்கள். தன் காடு காய்ந்ததை எவ்வளவு தெளிவாக எடுத்தாலும் அந்தச் சராசரி மாறாது. இதைத் தெரியாமல் காமிராவுக்குக் கடன் வாங்குவது வேதனையானது. எந்தப் பயிருக்கு எந்தச் சேதம் இங்கே அறிவிக்கப்பட்டிருக்கிறது என்பதை விதைப்புக்கு முன்பே வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு வைப்பது நலம்.

வீட்டில் இருக்கும் போன் நிஜமாகவே உதவாது என்றால், அருப்புக்கோட்டைக் கடைக்குப் பகல் 12 மணிக்குப் போக வேண்டும். மகன், “அப்பா, இதுல 4கே இருக்கு” என்பான். “வெயில்ல திரை தெரியுதாடா, முதல்ல பாரு” என்று தகப்பனார் கேட்க வேண்டும். மாதிரிப் போனைக் கடை வாசல் வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லி, தெருவில் இருபது தப்படி நடந்தபடி ஒரு நிமிடம் 1080பியில் எடுத்து, அங்கேயே நின்று பார்க்க வேண்டும். குலுங்குகிறதா, பேச்சு கேட்கிறதா, எதிர்க்கடைப் பெயர்ப்பலகை வெளுக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஆட்டத் தடுப்பு லென்ஸிலேயே இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கணக்குப் போட்டுச் செய்வதைவிட அது மேல். புழுதிக்கும் தண்ணீருக்கும் தாங்கும் என்பதற்கு ஐபி67, ஐபி68 என்ற குறியீடுகள் உண்டு. 6 புழுதியையும், அடுத்த எண் தண்ணீரையும் குறிக்கும். தெருவுக்குக் கொண்டுவர மறுக்கும் கடையில் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தூரத்துப் படம் அடிக்கடி தேவைப்படும் ஊரில், ஜூம் உள்ள காமிரா ஒன்றையும் முக்காலியையும் உழவர் உற்பத்தியாளர் குழுவே வாங்கி வைக்கலாம். ஒரு வீட்டுக்கு அரை லட்சம் என்பது இருபது வீட்டுக்குப் பகிர்ந்தால் தலைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. பன்றித் தொல்லை உள்ள மாதங்களில் அது முறை வைத்துச் சுற்றி வரும். நாள் வாடகை எவ்வளவு, லென்ஸ் உடைந்தால் யார் பொறுப்பு, கல்யாண வீட்டுக்குக் கேட்டால் கொடுப்பதா என்பதையெல்லாம் முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.